நிலையோட்ட ஒலியும் அணைப்பொலியும்: சென்னையின் மேற்குப் பகுதி வழியே ஒரு கார் இன்ஜின் வரலாறு

கார் நகராமல் நிற்கும்போது இன்ஜின் மட்டும் குறைந்த வேகத்தில் சுழல்வதை நிலையோட்டம் எனலாம். பட்டறைகளில் இதற்கு ஐட்லிங், ஸ்லோ ஸ்பீடு என்ற பெயர்கள் உண்டு. இன்ஜினை நிறுத்திய பிறகு சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை கேட்கும் ஓசைகளை அணைப்பொலிகள் எனலாம். புதிய வகை ஸ்போர்ட்ஸ் கார்களிலும், டர்போ பொருத்திய வேகமான கார்களிலும் இவ்விரு ஒலிகளும் பழைய கார்களைவிடக் கூடுதலாகவும் வேறு விதமாகவும் இருக்கின்றன. காலையில் காரை எடுத்ததும் உரக்க உறுமுகிறது; ஒரு நிமிடத்தில் தானாக அடங்குகிறது. நிற்கும்போது தையல் இயந்திரம் போல டிக் டிக் என்கிறது. சாவியை அணைத்த பின்னும் மின்விசிறி சுற்றுகிறது. அடியில் ஏதோ மோட்டார் ரீங்கரிக்கிறது. சைலன்சர் பக்கம் உலோகம் தட்டும் ஓசை வருகிறது. புதிதாகக் கார் வாங்கியவர் திடுக்கிடுவது இயல்பு. ஆனால் இவை பெரும்பாலும் பழுதின் அறிகுறிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக இன்ஜினோடு சேர்ந்தது. அந்தக் காலங்களை வரிசைப்படுத்துவதே இக்கட்டுரை.

இந்த வரலாற்றின் பெரும்பகுதியைச் சென்னையின் மேற்குப் புறத்திலிருந்தே சொல்ல முடியும். பூந்தமல்லி வட்டாரத்தில் உள்ள நூம்பலை நடுவாக வைத்துக்கொண்டால், கிழக்கே பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார்களைச் செய்தது. வடக்கே 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்றது. வடமேற்கே திருவள்ளூரிலும், தென்மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் ஆலைகள் எழுந்தன. கார்ப் பந்தயங்கள் முதலில் சோழவரத்திலும் பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்தன.

காதே கருவியாக இருந்த காலம்

இந்தியாவில் 1990-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு எரிபொருள் ஊட்டியது கார்புரேட்டர். சென்னைக்கு அருகே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டை ஒட்டிய கார். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962-ல் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் உருவானது. அந்த வகையில் சென்னைச் சாலைகளில் ஓடிய குடும்பக் கார் ஒன்று, ஸ்போர்ட்ஸ் காருக்கு நெருங்கிய உறவு.

கார்புரேட்டரில் நிலையோட்டத்தைக் கட்டுப்படுத்துபவை இரண்டு திருகுகள். ஒன்று காற்றடைப்பான் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மற்றொன்று பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் தீர்மானிக்கும். மெக்கானிக் இவற்றைத் திருகித் திருகி, இன்ஜின் சீராக ஓடும் இடத்தைக் காதால் கண்டுபிடித்தார். வால்வு இடைவெளி அதிகமானால் டேப்பெட் சத்தம். இக்னிஷன் நேரம் முந்தினால் நாக்கிங். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் மிஸ்ஸிங். இப்படி ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு பெயரும் ஒரு காரணமும் இருந்தன. நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒற்றிக் கேட்பது பட்டறைகளில் வழக்கமான சோதனை. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்புக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

அக்காலத்தில் இயல்பு எது, பழுது எது என்ற எல்லை தெளிவாக இருந்தது. அணைத்த பின் இன்ஜினிலிருந்து ஓசை வந்தால் அது கோளாறு. குறிப்பாக, சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் சில விநாடிகள் குலுங்கிக் குலுங்கி ஓடுவதுண்டு. தீப்பொறி நின்றுவிட்டாலும், சிலிண்டருக்குள் படிந்து தகிக்கும் கரி, உள்ளே இழுக்கப்படும் பெட்ரோல் கலவையைப் பற்றவைத்துவிடும். கார்புரேட்டருக்குப் பெட்ரோலை நிறுத்தத் தெரியாது. பிஸ்டன் இழுக்கும் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கவே பிற்காலக் கார்புரேட்டர்களில் சாவியை அணைத்ததும் பெட்ரோல் வழியை அடைக்கும் சிறு மின்வால்வு வந்தது. அணைக்கும்போது அது எழுப்பிய ஒற்றை டிக் ஒலிதான், பழுதைக் குறிக்காமல் பழுதைத் தடுத்ததைக் குறித்த முதல் அணைப்பொலிகளில் ஒன்று.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனத் தனிப் பந்தயத் தடம் வந்தது. பந்தய இன்ஜின்கள் மேல்வேகத்துக்காகச் செதுக்கப்பட்டவை. வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருக்கும்படி கேம் அமைக்கப்படுவதால், குறைந்த வேகத்தில் அவற்றால் சீராக மூச்சுவிட முடியாது. நிற்கும்போது தடுமாறுவதும், ஏறி இறங்கி ஓடுவதும் அவற்றின் இயல்பு. சாலைக் கார் அப்படி ஓடினால் பழுது. பந்தயக் கார் அப்படி ஓடினால் சரி. ஓர் ஒலி இயல்பானதா இல்லையா என்பதை ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, எந்த இன்ஜின் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்ற பாடம் அங்கேயே இருந்தது.

உலக அளவிலும் ஸ்போர்ட்ஸ் கார்களே இதில் முன்னோடிகள். 1954-ல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையைக் கொண்டிருந்தது. அதன் பம்பு முழுக்க இயந்திரத்தால் இயங்கியது. எனவே இக்னிஷனை அணைத்த பின்னும் இன்ஜின் முழுமையாக நிற்கும் வரை பெட்ரோல் பீய்ச்சப்பட்டது. எரியாத அந்தப் பெட்ரோல் இன்ஜின் ஆயிலோடு கலந்தது. இன்ஜினை நிறுத்துவதும் பொறியியல் திட்டமிட வேண்டிய ஒரு செயல்தான் என்பதை அந்தக் கார் காட்டியது.

1995 முதல் 2001 வரை: சட்டம் மாற்றிய ஓசை

இந்தியக் கார்களின் ஓசை பெரிதும் மாறியது மாசுக் கட்டுப்பாட்டால்தான். 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி கட்டாயமானது. அதற்கேற்ப ஈயம் கலக்காத பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் விடைபெற்றது. 2001-ல் பாரத் ஸ்டேஜ் 2 விதிகள் சென்னைக்கு வந்தன.

வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்ய, காற்று-பெட்ரோல் விகிதம் மிக நுட்பமாக இருக்க வேண்டும். கார்புரேட்டரால் அதை நிலையாகக் காக்க முடியவில்லை. அதன் இடத்தில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ முறை வந்தது. 1998-ல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சரும், அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

இவற்றோடு சில புதிய ஓசைகளும் வந்தன. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடும் முன்பே, பின்னிருக்கைப் பக்கமிருந்து இரண்டு விநாடி ரீங்காரம் கேட்கும். பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு குழாயில் அழுத்தம் ஏற்றும் ஒலி அது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது சோக் இழுக்க வேண்டியதில்லை. கணினியே வேகத்தைக் கூட்டி, சூடேறியதும் குறைத்துவிடும். ஏசி போட்டால் நிலையோட்டம் சற்று ஏறும். ரேடியேட்டர் விசிறி வெப்பநிலையைப் பார்த்துத் தானாக ஓடி நிற்கும். திருகிச் சரிசெய்யும் பழைய திருகுகள் இல்லாமல் போயின. காதால் நிலையோட்டத்தைச் சரிசெய்த கைக்கு அங்கே வேலை குறைந்தது.

நேரடிப் பீய்ச்சலும் டிக் ஒலியும்

அடுத்த மாற்றம் நேரடிப் பீய்ச்சல். மின்னணுக் கட்டுப்பாட்டுடன் இதைப் பெருமளவில் உற்பத்திக்குக் கொண்டுவந்தது 1996-ல் ஜப்பானில் வெளிவந்த மிட்சுபிஷி கேலன்ட். இந்தியாவில் 2005, 2010 ஆகிய ஆண்டுகளில் பாரத் ஸ்டேஜ் 3, 4 விதிகள் சென்னை போன்ற நகரங்களில் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுவதும் வந்தது. சிறிய இன்ஜினிலிருந்து அதிக ஆற்றல், குறைந்த புகை என்ற இரண்டையும் பெற, டர்போவும் நேரடிப் பீய்ச்சலும் கைகோத்தன.

ஹூண்டாய் நிறுவனத்தின் சென்னை ஆலையிலிருந்து 2019-ல் வெளிவந்த வென்யூ காரில் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின் ஒன்று இருந்தது. 2021-ல் அதே வகை இன்ஜினோடு ஐ20 என்-லைன் என்ற விறுவிறுப்பான கார் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில், 2007 முதல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இயங்கிவரும் பிஎம்டபிள்யூ ஆலையில் இணைக்கப்பட்ட எம்340ஐ விற்பனைக்கு வந்தது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின் கொண்ட இந்தக் கார், நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டும் என்று நிறுவனம் அறிவித்தது. இவ்வாறு புதிய வகை விளையாட்டுக் கார் ஒலிகள் சென்னைப் புறநகரிலேயே பிறக்கத் தொடங்கின.

எம்பிஎஃப்ஐ முறையில் பெட்ரோலின் அழுத்தம் சுமார் மூன்று, நான்கு பார் அளவே. நேரடிப் பீய்ச்சலில் அது 200 பார் வரையிலும், சில புதிய இன்ஜின்களில் 350 பார் வரையிலும் போகிறது. இந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்பைக் கேம் தண்டு தட்டித் தட்டி இயக்குகிறது. பீய்ச்சும் ஊசிகள் மில்லி விநாடிகளில் திறந்து மூடுகின்றன. வண்டி ஓடும்போது சாலை ஓசையில் இது மறைந்துவிடும். நிற்கும்போது தெளிவாகக் கேட்கும். பழைய டேப்பெட் சத்தத்தை மிகவும் ஒத்திருப்பதால், பழகிய காதையே இது ஏமாற்றிவிடும். டேப்பெட் சத்தம் இன்ஜினின் வயதோடு வளரும்; இந்த டிக் ஒலியோ முதல் நாளிலிருந்து ஒரே மாதிரி இருக்கும். இதுவே முக்கிய வேறுபாடு.

இதோடு வேறு சில ஒலிகளும் சேரும். பெட்ரோல் தொட்டியின் ஆவி காற்றில் கலக்காமல் கரிப்பெட்டி ஒன்றில் பிடித்துவைக்கப்படுகிறது. அதை இன்ஜினுக்கு அனுப்பும் சிறு வால்வு நிலையோட்டத்தில் விட்டுவிட்டுத் தட்டும். காலையில் முதல் ஒரு நிமிடம் கேட்கும் உறுமலுக்கும் மாசுக் கட்டுப்பாடே காரணம். வினையூக்கி மாற்றி சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும் வரை சரிவர வேலை செய்யாது. அதனால் கணினி தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, வேகத்தைக் கூட்டி, சூடான புகையை அதன் வழியே செலுத்துகிறது. சில ஐரோப்பியக் கார்களில் அப்போது ஒரு மின்பம்பு வெளிக்காற்றையும் புகைக்குழாயில் செலுத்தும். அந்த ஓசை தூசி உறிஞ்சும் இயந்திரத்தை நினைவூட்டும்.

சிலிண்டர்களின் எண்ணிக்கையும் ஓசையை மாற்றுகிறது. நிமிடத்துக்கு 750 சுற்று வேகத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு 25 வெடிப்புகள் நிகழும். மூன்று சிலிண்டரில் சுமார் 19. ஆறு சிலிண்டரில் 37 அல்லது 38. வெடிப்புகள் குறையக் குறைய அதிர்வு உடலுக்குத் தெரியும். மூன்று சிலிண்டர் கார் நிற்கும்போது இருக்கையில் உணரும் மெல்லிய நடுக்கத்துக்கு இந்தக் கணக்கே காரணம்.

அணைத்த பிறகு நடப்பவை

இன்ஜின் ஓடும்வரை குளிர்நீரும் ஆயிலும் வெப்பத்தைச் சுமந்து செல்கின்றன. நிறுத்தியதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. உலோகத்தில் தேங்கிய வெப்பம் அதைச் சுற்றியுள்ள நீரில் இறங்குகிறது. ஆகவே நிறுத்திய சில நிமிடங்களுக்கு இன்ஜினுக்குள் இருக்கும் நீரின் வெப்பநிலை குறையாமல் ஏறும். அடுப்பை அணைத்த பின்னும் இரும்புக்கல்லில் தோசை வேகுவது போல.

டர்போ உள்ள காரில் இது இன்னும் கடுமை. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதன் வழியே செல்லும் புகை 900 டிகிரியைத் தாண்டலாம். விரைவுச் சாலையில் ஓட்டிவந்து உடனே அணைத்தால், டர்போவின் தாங்கியில் நிற்கும் ஆயில் கருகிக் கரியாகும். அதைத் தவிர்க்கவே பல புதிய கார்களில் இன்ஜின் நின்ற பின்னும் ஒரு சிறு மின்பம்பு டர்போவைச் சுற்றிக் குளிர்நீரை ஓட்டுகிறது. விசிறியும் சேர்ந்து ஓடுகிறது. சித்திரை வெயிலில் இது பல நிமிடங்கள் நீடிக்கலாம். பழைய காரில் ஓட்டுநர் ஒரு நிமிடம் நிறுத்திவைத்துச் செய்த வேலையை இங்கே இயந்திரமே செய்கிறது.

சைலன்சர் பக்கம் கேட்கும் டங், டிக் ஒலிகள் உலோகம் சுருங்குவதால் எழுபவை. ஒரு மீட்டர் நீள எஃகுக் குழாய் 400 டிகிரி குளிர்ந்தால் சுமார் 4 முதல் 7 மில்லிமீட்டர் சுருங்கும். பற்றுக் கம்பிகளும் வெப்பத் தடுப்புத் தகடுகளும் வெவ்வேறு வேகத்தில் குளிர்வதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓசை எழுப்புகின்றன. பள்ளியில் நீள்விரிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் தண்டவாள இடைவெளியும் இதுவும் ஒரே விதி. சாவியை அணைத்ததும் கேட்கும் சிறு சரசரப்பு, காற்றடைப்பானை அதன் மோட்டார் தன் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ஒலி. அடுத்து வரும் டக் என்ற ஒலி, கணினி தன் பதிவுகளை முடித்து ரிலேயை விடுவிப்பது.

புல்லட் சொல்லும் பாடம்

இதே மாற்றத்தைச் சென்னை மற்றொரு வாகனத்திலும் கண்டது. 1955-ல் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு இந்தியாவின் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு ஒரே சிலிண்டர். நிமிடத்துக்கு 900 சுற்று என்று கொண்டால் விநாடிக்கு ஏழெட்டு வெடிப்பு. அவற்றைக் காது தனித்தனியாகப் பிரித்தறியும். அதுதான் புல்லட்டின் புகழ்பெற்ற தாளம். பின்னர் ராயல் என்ஃபீல்டு புதிய இன்ஜினுக்கு மாறத் தொடங்கியபோது டேப்பெட்டுகள் ஆயில் அழுத்தத்தால் தாமே சரிசெய்துகொள்பவை ஆயின. ஆயில் கசிவும் அடிக்கடி சரிசெய்யும் தொல்லையும் குறைந்தன. ஆனாலும் பழைய தாளம் போய்விட்டதே என்று வருந்தியோர் பலர். இன்ஜின் மேம்பட்டபோது ஒலியை இழந்ததாகக் கருதியவர்களும், இன்று இன்ஜின் மேம்பட்டதால் வரும் புதிய ஒலியைப் பழுதாகக் கருதுபவர்களும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்: முன்பு பழகிய காது.

இயல்பும் பழுதும்

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் இரண்டு விதமான இழப்பு நேரும். ஒன்று, நல்ல இன்ஜினைப் பிரிப்பது. பீய்ச்சும் ஊசியின் டிக் ஒலியை டேப்பெட் என்று எண்ணி வால்வு மூடியைத் திறப்பதும், அணைத்த பின் ஓடும் விசிறி பேட்டரியைத் தின்றுவிடும் என்று அதன் இணைப்பைக் கழற்றுவதும் பணத்தையும் உத்தரவாதத்தையும் இழக்கச் செய்யும். மற்றொன்று, எல்லாமே இயல்புதான் என்று விட்டுவிட்டு உண்மையான பழுதைத் தவறவிடுவது.

பொதுவாக, தொடக்கத்திலிருந்தே ஒரே மாதிரி இருப்பதும், சூடேறியதும் தணிவதும், அணைத்த சில நிமிடங்களில் நிற்பதும் இயல்பான ஒலிகள். நாளுக்கு நாள் வளர்வதும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆழமான தட்டலாக மாறுவதும், எச்சரிக்கை விளக்கு, புகை, ஆயில் குறைவு, எரிவாடை ஆகியவற்றில் ஒன்றோடு சேர்ந்து வருவதும் பழுது. குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது ஓரிரு விநாடி டேப்பெட் தட்டுவது இயல்பு. ஆயில் ஏறிய பின்னும் தொடர்ந்தால் இயல்பன்று. விசிறி சில நிமிடங்கள் ஓடுவது இயல்பு. மறுநாள் காலை பேட்டரி இறங்கும் வரை ஓடினால் ரிலே அல்லது உணர்கருவி பழுது.

பாதுகாப்புக்காக இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அணைத்த காரின் விசிறி எச்சரிக்கையின்றித் திடீரெனச் சுழலும்; பானெட்டைத் திறந்து உடனே கையை விடக்கூடாது. அடுக்ககங்களின் அடித்தளத்திலும் மூடிய கொட்டகையிலும் ஒலியைக் கேட்பதற்காக இன்ஜினை நீண்ட நேரம் ஓடவிடக்கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். வினையூக்கி சூடேறாத முதல் நிமிடங்களில் அது கூடுதலாக வெளியேறும்.

ஒலியின் அடுத்த கட்டம்

2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரில் இன்ஜின் ஒலியே உள்ளிருக்கும் ஒலிபெருக்கி வழியாகவும் கேட்கச் செய்யப்பட்டது. சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் இன்ஜின்கள் இன்று சாதாரணம். வானகரம் சந்திப்பில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் காரில் நிலையோட்டமே இல்லாமல் போகலாம். மின்சாரக் கார்களோ ஓசையற்றவை. பாதசாரிகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐரோப்பாவில் 2019 முதல் அவற்றின் புதிய மாடல்களுக்குச் செயற்கை ஒலி கட்டாயமாக்கப்பட்டது.

எழுபது ஆண்டுகளில் அமைதியின் பொருளும் ஓசையின் பொருளும் இடம் மாறிவிட்டன. முன்பு அணைத்த இன்ஜின் அமைதியாக இருந்தால் நலம். இன்று அணைத்த டர்போ காரில் வழக்கமாக ஓடும் பம்பும் விசிறியும் ஒருநாள் சூடான பின்னும் ஓடாமல் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். இதனால் மெக்கானிக்கின் காது பயனற்றுப் போகவில்லை. கணினிச் சோதனைக் கருவி பழுதின் எண்ணைக் காட்டும். உணர்கருவி இல்லாத இடத்தில் தளர்ந்த தகட்டையும் தேய்ந்த தாங்கியையும் கண்டுபிடிப்பது இன்றும் காதுதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் தொழில் பழகும் இளைஞர்களுக்குப் பழைய ஒலிகளின் பெயர்களோடு இந்தப் புதிய ஒலிகளின் பெயர்களையும் காரணங்களையும் சேர்த்துச் சொல்லித் தந்தால், அந்தக் கேள்விஞானம் இன்னொரு தலைமுறைக்குப் பயன்படும்.